தேர் வடத்தில் நம் பிள்ளைகளின் கையும் பட வேண்டும்

ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். எவ்வளவு பெரிய பலசாலியானாலும் தனி ஒருவனால் தேரை அசைக்க முடியாது. நூறு பேர் வடத்தைப் பிடித்துவிட்டால், நோஞ்சானின் கைக்கும் அதில் பங்கு உண்டு. இன்று உலகம் முழுவதும் அப்படி ஒரு தேர் ஓடிக்கொண்டிருக்கிறது. அது மரத்தால் செய்ததல்ல. கம்ப்யூட்டருக்குள் ஓடும் கட்டளைகளால் செய்தது. அதற்குக் கட்டற்ற மென்பொருள் என்றும், திறந்த மூல மென்பொருள் என்றும் பெயர்.

சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர் வடத்தைத் தொடும் உரிமைக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்ததை நாம் மறந்துவிடவில்லை. இந்தப் புதிய தேருக்கு அப்படிக் காவல் நிற்பவர் யாரும் இல்லை. வடம் தெருவிலேயே கிடக்கிறது. ஆனாலும் தாராவியிலும் அண்டாப்ஹில்லிலும் சீத்தா கேம்ப்பிலும் வளரும் நம் பிள்ளைகள் அதைத் தொடவில்லை. ஏன்? அப்படி ஒரு வடம் இருக்கிறது என்றே யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் கோர்ஸ் என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பணத்தைக் கட்டி, ஒரு சர்டிபிகேட்டை வாங்கி, அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, வேலை கேட்டுப் போகும் இடத்திலெல்லாம் "அனுபவம் இருக்கிறதா?" என்ற கேள்விக்குத் தலைகுனிந்து திரும்புகிறார்கள்.

அந்த அனுபவத்தைப் பெற ஒரு வழி உண்டு. அதற்குக் கட்டணம் இல்லை. சிபாரிசுக் கடிதமும் தேவையில்லை. அது என்ன, எப்படி, அதில் எங்கே எச்சரிக்கை தேவை என்பதை நம் குடும்பங்களுக்கு விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூல நிரல் என்றால் என்ன?

ஓட்டலில் சாம்பார் சாப்பிடுகிறோம். ருசி தெரிகிறது, பக்குவம் தெரியவில்லை. விற்பனைக்கு வரும் சாப்ட்வேர் பெரும்பாலும் இப்படித்தான். ஓடும், ஆனால் எப்படி ஓடுகிறது என்று பார்க்கவிடமாட்டார்கள். அந்தப் பக்குவம் எழுதிய ஏட்டுக்குத்தான் மூல நிரல் என்று பெயர். ஏட்டைப் பூட்டி வைத்தால் அது தனியுடைமை. ஏட்டை ஊர் நடுவே திறந்து வைத்து, "படி, மாற்று, பிரதி எடு, பக்கத்து வீட்டுக்கும் கொடு" என்றால் அது கட்டற்ற மென்பொருள்.

இந்தக் கருத்து வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒரு வேலை இடத்துத் தகராறில் பிறந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆராய்ச்சிக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை செய்துவந்தார். 1980 வாக்கில் அங்கிருந்த அச்சு இயந்திரம் ஒன்று அடிக்கடி காகிதத்தைச் சிக்கவைத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிக்கட்ட மூல நிரல் வேண்டும் என்று கேட்டார். யாருக்கும் கொடுப்பதில்லை என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. கண்ணெதிரே பழுது, சரிசெய்யக் கையில் திறமையும் இருக்கிறது, ஆனால் உரிமை இல்லை! தொழிற்சாலையில் வேலை செய்த எவருக்கும் இந்த எரிச்சல் புரியும். ஸ்டால்மன் 1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1989-ல் ஜி.பி.எல். என்ற உரிமப் பத்திரம் வெளிவந்தது. அதன் சாரம் இதுதான்: இதை எடுத்து மாற்றி யாருக்காவது கொடுக்கிறாயா? தாராளமாகக் கொடு. ஆனால் உனக்குக் கிடைத்த அதே உரிமையை, வாங்குகிறவனுக்கும் மூல நிரலோடு சேர்த்துக் கொடு.

1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிய ஓர் இயங்குதளத்தின் உட்கருவை வெளியிட்டார். மறு ஆண்டு அதற்கும் ஜி.பி.எல். உரிமத்தைக் கொடுத்தார். அதுதான் லினக்ஸ். நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது அது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் ஓடுவது அதில்தான். தமிழ் சினிமா பார்க்க நாம் பயன்படுத்துகிறோமே, ஆரஞ்சுக் கூம்புப் படம் போட்ட வி.எல்.சி., அதுவும் பாரிஸ் நகரத்து மாணவர்கள் 1996-ல் தொடங்கிய வேலையில் பிறந்ததுதான்.

இனாம் வேறு, உரிமை வேறு

"இலவசம் என்று சொல்லுங்களேன், இவ்வளவு பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். இனாம் வேறு, உரிமை வேறு. இதற்குச் சரியான சாட்சி லினக்ஸின் வரலாற்றிலேயே இருக்கிறது.

லினக்ஸை எழுதுகிறவர்கள் தங்கள் திருத்தங்களைக் கணக்கு வைத்துக்கொள்ள பிட்கீப்பர் என்ற ஒரு கம்பெனியின் சாப்ட்வேரைப் பயன்படுத்தி வந்தார்கள். காசு வாங்காமல்தான் கம்பெனி அனுமதித்தது. 2005-ல் ஒரு தகராறு வந்தது. கம்பெனி அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இனாமாகக் கொடுத்தவன் இனாமாகவே பிடுங்கிக்கொண்டான். டோர்வால்ட்ஸ் சில வாரங்களில் புதிதாக ஒன்றை எழுதி, அதையும் எல்லோருக்கும் பொதுவாக்கினார். அதுதான் கிட். இன்று உலகத்தில் சாப்ட்வேர் எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைத்தான் கையாளுகிறார்கள். கொடுத்தவரே நினைத்தாலும் இனி அதைப் பிடுங்க முடியாது. உரிமை என்பது இதுதான்.

கைகொடுப்பது எப்படி?

"இதெல்லாம் என்ஜினீயர்கள் வேலை, நமக்கு எதற்கு?" என்ற எண்ணத்தை முதலில் விட்டொழிக்க வேண்டும். தேர் ஓடுவதற்கு வடம் இழுக்கிறவர்கள் மட்டும் போதாது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் வேண்டும். பாதையில் பள்ளத்தைப் பார்த்துச் சொல்கிறவர் வேண்டும். தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவரும் வேண்டும். இங்கும் அப்படியே. எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, குரல் கொடுப்பது. மோசில்லா அமைப்பு 2017-ல் காமன் வாய்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மனிதக் குரலைக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ள ஏராளமான குரல் பதிவுகள் தேவை. பெரிய கம்பெனிகள் அவற்றைத் திரட்டித் தம் பெட்டியில் பூட்டிக்கொள்கின்றன. காமன் வாய்ஸ் திரட்டுவது எல்லோருக்கும் பொது. அதில் தமிழும் இருக்கிறது. திரையில் வரும் வாக்கியத்தைப் போனில் வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். அல்லது பிறர் வாசித்தது சரியா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்த நம் தாய்மார்கள் எவரும் செய்யலாம். திருநெல்வேலிப் பேச்சும் சேலத்துப் பேச்சும் பம்பாயில் பிறந்த பிள்ளையின் தமிழும் அதில் ஏறாவிட்டால், நாளைய இயந்திரம் நம் பேச்சைப் புரிந்துகொள்ளாது என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, பழுதைச் சொல்வது. இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒழுங்காக எழுதத் தெரிந்தால் போதும். ரயில்வே குமாஸ்தா என்ற முறையில் இது எனக்குப் பழகிய சங்கதி. "வண்டியில் பேன் ஓடவில்லை" என்று ஒரு புகார் வந்தால் யாரால் என்ன செய்ய முடியும்? வண்டி எண், தேதி, பெட்டி எண், எந்த ஸ்டேஷனிலிருந்து ஓடவில்லை என்று எழுதினால்தான் ஆள் போய்ப் பார்க்க முடியும். அதே முறைதான் இங்கும். லிப்ரே ஆபீஸில் தமிழ் தட்டுகிறீர்கள். எழுத்து உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். "தமிழ் சரியாக வரவில்லை" என்று எழுதினால் பயனில்லை. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்த எழுத்துரு, "கொ" என்று தட்டியபோது திரையில் எப்படி வந்தது, பி.டி.எப். ஆக்கியபோது கொம்பும் காலும் எப்படி இடம் மாறின என்று எழுத வேண்டும். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது? இந்த மூன்றுக்கும் விடை இருந்தால் அது நல்ல பழுதறிக்கை. எழுதுவதற்கு முன், அதே பழுதை வேறொருவர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பது மரியாதை.

மூன்றாவது, மொழிபெயர்ப்பு. பயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்றவை தமிழிலும் வருகின்றன. அந்தத் தமிழை எழுதியவர்களில் பலர் நம்மைப் போலத் தமிழார்வத்தால் உந்தப்பட்ட தொண்டர்கள். பயர்பாக்ஸுக்குப் பொன்டூன் என்ற தளத்திலும், லிப்ரே ஆபீஸுக்கு வெப்லேட் என்ற தளத்திலும் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்க்கலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. "திறக்க முடியவில்லை" என்ற செய்தியில் கோப்பின் பெயர் வர வேண்டிய இடத்தில், சதவிகிதக் குறியோடு ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். அதை அழித்துவிடக் கூடாது. பெயரோடு "ஐ" உருபைச் சேர்க்கப் போனால், எந்தப் பெயர் வரும் என்று தெரியாததால் சந்தி கெடும். ஆகவே "திறக்க முடியாத கோப்பு:" என்று எழுதிவிட்டு, கடைசியில் அந்தக் குறியை வைத்துவிட்டால் எந்தப் பெயர் வந்தாலும் தமிழ் பிசகாது. இப்படிப்பட்ட யோசனை வெளிநாட்டு என்ஜினீயருக்கு வராது. வீட்டில் தமிழ் பேசுகிறவனுக்குத்தான் வரும். இன்னொன்று, சொற்களை ஆளுக்கொரு விதமாகப் போடக் கூடாது. முன்னால் செய்தவர்கள் வைத்த கலைச்சொல் பட்டியலைப் பார்த்து, "சேமி" என்றால் எங்கும் "சேமி" என்றே போட வேண்டும்.

நான்காவது, விளக்க ஏடு எழுதுவது. எழுதியவர்களுக்கு எல்லாம் தெரிந்திருப்பதால், புதியவனுக்கு எங்கே கால் இடறும் என்பது தெரியாது. நீங்கள் ஒரு சாப்ட்வேரை நிறுவும்போது எங்கே தடுமாறினீர்களோ, அந்த இடத்தைக் குறித்து விளக்கத்தில் இரண்டு வரி சேர்த்தால் உங்களுக்குப் பின்னால் வரும் ஆயிரம் பேருக்கு உதவி.

ஐந்தாவதுதான் நிரல் எழுதுவது.

திருத்தச் சீட்டு

ரயில்வே விதிப்புத்தகங்களைத் தினம் தினம் புதிதாக அச்சிடுவதில்லை. விதி மாறினால் கரெக்ஷன் ஸ்லிப் என்ற திருத்தச் சீட்டு வரும். இன்ன பக்கம், இன்ன பத்தி, இந்த வரியை எடுத்துவிட்டு இதைச் சேர் என்று இருக்கும். அதற்கு எண் உண்டு, தேதி உண்டு, ஒப்புதல் கொடுத்தவர் உண்டு. கட்டற்ற மென்பொருளின் முழு நிர்வாகமும் இந்தத் திருத்தச் சீட்டு முறைதான். வேறுபாடு ஒன்றே ஒன்று. ரயில்வேயில் சீட்டு மேலிருந்து கீழே வரும். இங்கே யார் வேண்டுமானாலும் கீழிருந்து மேலே அனுப்பலாம்.

கிட் என்பது ஒரு பேரேடு. எந்த வரியை, யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது அதில் நிற்கும். அந்தப் பேரேடுகளைப் பலர் பார்க்கும்படி வைத்திருக்கும் இடங்களில் பெரியது கிட்ஹப். வேலை நடக்கும் வரிசை இதுதான்.

முதலில் நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஏதாவது ஒரு சாப்ட்வேரைத் தேர்ந்தெடுங்கள். பயன்படுத்தாததைத் திருத்தப் போவது, குடியிருக்காத வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்றது. அதன் முகப்பில் "என்னைப் படி" என்ற ஏடும், பங்களிப்போருக்கான விதிகளும், உரிமப் பத்திரமும் இருக்கும். மூன்றையும் படியுங்கள். நிலுவையில் உள்ள வேலைகளின் பட்டியலில், புதியவர்களுக்கு ஏற்றவை என்று பல திட்டங்களில் தனி அடையாளம் போட்டு வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து, "இதை நான் செய்து பார்க்கிறேன்" என்று ஒரு வரி எழுதுங்கள்.

பிறகு மொத்தப் பேரேட்டையும் உங்கள் பெயரில் ஒரு பிரதி எடுக்க வேண்டும். அதை உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்க வேண்டும். அதில் ஒரு கிளை போட்டுக்கொண்டு, அந்தக் கிளையில்தான் வேலை செய்ய வேண்டும். மெயின் லைனில் ஷண்டிங் செய்யலாமா? லூப் லைனில்தான் செய்ய வேண்டும், அதே விதிதான். திருத்தம் முடிந்ததும் சோதித்துப் பாருங்கள். எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று சுருக்கமான குறிப்போடு பேரேட்டில் பதியுங்கள். கடைசியில் "என் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்ற கோரிக்கையை அனுப்புங்கள். அதற்குத்தான் புல் ரிக்வெஸ்ட் என்று பெயர்.

அதோடு முடிந்துவிடாது. பராமரிப்பாளர் வரி வரியாகப் பார்ப்பார். இது சரியில்லை, அதை மாற்று என்பார். இதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் திருத்துவது நிரலை, உங்களையல்ல. இந்தக் கண்டிப்பு ஏன் தேவை என்பதற்கு 2024 மார்ச்சில் நடந்ததே சாட்சி. எக்ஸ்.இசட். என்ற சிறிய சாப்ட்வேரைப் பல ஆண்டுகளாக ஒரே ஒருவர் பராமரித்து வந்தார். களைத்துப்போயிருந்த அவருக்கு உதவுவதுபோல ஒருவன் புனைபெயரில் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் திருட்டு வாசல் ஒன்றை உள்ளே வைத்துவிட்டான். ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற என்ஜினீயர், தன் கம்ப்யூட்டரில் உள்ளே நுழைவதற்கு ஏன் அரை விநாடி கூடுதலாக ஆகிறது என்று சந்தேகப்பட்டுத் துருவிப் பார்த்ததால் அது வெளிப்பட்டது. ஏடு திறந்திருந்ததால் திருடன் நுழைந்தான். ஏடு திறந்திருந்ததால்தான் அகப்பட்டும் கொண்டான். காவல் இருப்பதும் பங்களிப்பே என்பதை இதிலிருந்து கற்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

நம் நாட்டு இளைஞர்களுக்கு இதில் ஒரு கெட்ட பெயரும் வந்து சேர்ந்திருக்கிறது. அதை மறைப்பதில் பயனில்லை. ஆண்டுதோறும் அக்டோபரில் ஹேக்டோபர்பெஸ்ட் என்று ஒன்று நடக்கும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் திருத்தம் அனுப்புகிறவர்களுக்குப் பனியன் கொடுத்தார்கள். 2020-ல் அந்தப் பனியனுக்காக, பொருளே இல்லாத திருத்தங்கள் வெள்ளமாய்க் குவிந்தன. ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஓர் அடைமொழியை மாற்றுவது, அனுப்பிவிடுவது. நம் நாட்டில் பரவிய ஒரு வீடியோ அப்படிக் காட்டிக்கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம். சம்பளமில்லாமல் இரவில் கண்விழித்து வேலை பார்க்கும் பராமரிப்பாளர்கள் குப்பை அள்ளியே களைத்தார்கள். நடத்திய கம்பெனி நடுவிலேயே விதியை மாற்றி, சம்மதம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் அனுப்பலாம் என்று ஆக்க வேண்டியதாயிற்று.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கேட்டால் நிரலும் எழுதுகிறது, பழுதறிக்கையும் எழுதுகிறது. கர்ல் என்ற புகழ்பெற்ற கருவியைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பர்க், இயந்திரம் கற்பனை செய்த பொய்ப் பழுதுகளைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்களைப் பல முறை பகிரங்கமாகக் கண்டித்திருக்கிறார். உங்கள் ஆங்கிலத்தைச் செப்பனிட இயந்திரத்தின் உதவியைக் கேளுங்கள், அதில் தவறில்லை. ஆனால் உங்களுக்கே புரியாத ஒரு வரியைக்கூட உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பது வெற்றுத் தாளில் கைநாட்டு வைத்த நம் பாட்டன்மாருக்குத் தெரியும்.

"சும்மா உழைப்பதா?"

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். "எட்டு மணி நேர வேலைக்கு நியாயமான கூலி கேட்டுக் கொடி பிடிக்கிற நீங்களே, பிள்ளைகளைக் கூலியில்லாமல் உழைக்கச் சொல்லலாமா?" என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

உண்மையை உள்ளபடி சொல்கிறேன். கட்டற்ற மென்பொருளால் கோடி கோடியாக லாபம் பார்க்கும் கம்பெனிகள் உண்டு. கிட்ஹப்பையே 2018-ல் மைக்ரோசாப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. இணையத்தில் பாதுகாப்பாகப் பணம் அனுப்ப உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற சாப்ட்வேரில் இருந்த ஓட்டை அது. உலகத்து வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த அந்தச் சாப்ட்வேருக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழு நேரமும் உழைத்தவர் ஒரே ஒருவர்! ஊர் முழுவதும் குடிக்கும் கிணற்றைத் தூர் வார ஒருவன், அவனுக்குக் கூலியும் இல்லை. ஓட்டை வெளிப்பட்ட பிறகுதான் பெரிய கம்பெனிகள் கூடி நிதி போட்டன.

ஆகவே கண்ணை மூடிக்கொண்டு உழையுங்கள் என்று நான் சொல்லவில்லை. பொதுவுக்கு உழைப்பது வேறு. ஒரு கம்பெனிக்குச் சும்மா உழைப்பது வேறு. நம் ஊரில் குடிமராமத்து என்று இருந்தது. கண்மாயைத் தூர் வார வீட்டுக்கு ஓர் ஆள் போனான். அந்தத் தண்ணீர் தன் வயலுக்கும் வரும் என்பதால் போனான். அதே ஆளைப் பிடித்துப் பண்ணையார் தோட்டத்துக் கிணறு வெட்டச் சொன்னால் அதற்குப் பெயர் குடிமராமத்தல்ல, வெட்டி. எது குடிமராமத்து, எது வெட்டி என்று பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும்.

உரிமம் என்ன? ஜி.பி.எல். போன்ற உரிமமானால், உங்கள் திருத்தத்தை எடுத்து மாற்றி விநியோகிக்கிறவன் அதை மூடிவைத்துக்கொள்ள முடியாது. எம்.ஐ.டி. போன்ற தளர்ந்த உரிமமானால், எவனும் எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சட்டப்படி சரி. ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

கையெழுத்துக் கேட்கிறார்களா? சில கம்பெனிகள் பங்களிப்பாளரிடம் ஓர் ஒப்பந்தம் வாங்கும். நாளைக்கு உரிமத்தையே மாற்றிக்கொள்ள அதில் வழி இருக்கலாம். ஹாஷிகார்ப் என்ற கம்பெனி 2023 ஆகஸ்டில் டெராபார்ம் என்ற தன் சாப்ட்வேரின் உரிமத்தை மாற்றிக் கட்டுப்பாடு போட்டது. அதுவரை வெளியார் கொடுத்த உழைப்பும் அதற்குள் இருந்தது.

முடிவெடுப்பது யார்? ஒரு கம்பெனியா, பங்களிப்பவர்கள் கூடிய அமைப்பா?

இவ்வளவுக்கும் மேலே ஓர் ஆயுதம் நம் கையில் இருக்கிறது. அதுதான் பிரிந்து போகும் உரிமை. ஏடு திறந்திருப்பதால், நிர்வாகம் தவறினால் முழுப் பிரதியையும் எடுத்துக்கொண்டு தனியே நடத்தலாம். 2010-ல் ஆரக்கிள் கம்பெனி சன் கம்பெனியை விழுங்கியபோது, ஓப்பன் ஆபீஸில் உழைத்தவர்கள் பலர் வெளியே வந்து லிப்ரே ஆபீஸை உண்டாக்கினார்கள். டெராபார்ம் விஷயத்திலும் பயனாளிகளும் உழைப்பாளிகளும் பழைய பிரதியை எடுத்து ஓப்பன் டோபு என்று நடத்துகிறார்கள். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி ஆலையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இங்கே முடிகிறது!

கூலியோடு செய்யவும் வழி உண்டு. கூகிள் 2005 முதல் சம்மர் ஆப் கோட் என்ற திட்டத்தில், கட்டற்ற மென்பொருளில் சில மாதங்கள் வேலை செய்யத் தேர்ந்தெடுக்கப்படுபவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துவருகிறது. 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அவுட்ரீச்சி என்ற திட்டம், இத்துறையில் ஒதுக்கப்பட்டவர்களுக்கென்றே மூன்று மாதச் சம்பளப் பயிற்சி தருகிறது. நம் பெண் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டியது அது. இரண்டுக்கும் முன்கூட்டியே சிறு பங்களிப்புகளைச் செய்து காட்டியவர்களுக்கே வாய்ப்பு அதிகம்.

இதனால் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். அப்படிச் சொல்கிறவன் கோர்ஸ் விற்கிறவன். ஆனால் ஒன்று நிச்சயம். நீங்கள் செய்த ஒவ்வொரு திருத்தமும் உங்கள் பெயரோடும் தேதியோடும் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கிறது. "அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஓர் ஏடு இருக்கிறது. எந்த மேனேஜரும் தன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டாத அனுபவச் சான்று அது.

சங்கம் என்ன செய்ய வேண்டும்?

வடத்தைத் தொடத் தடையில்லை என்று சொன்னேன். முழு உண்மை அதுவல்ல. சாதி கேட்கிறவன் இல்லை. ஆனால் ஆங்கிலம் கேட்கிறது, கம்ப்யூட்டர் கேட்கிறது, நேரம் கேட்கிறது. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் பிள்ளை எங்கே உட்கார்ந்து வேலை செய்யும்? இந்தத் தடையைத் தனி மனிதன் தாண்ட முடியாது. சங்கம்தான் தாண்ட வைக்க வேண்டும்.

படிப்பகம் வைத்துப் பத்திரிகை படிக்கக் கற்றுக்கொடுத்த மரபு நம்முடையது. அதே படிப்பகத்தில் இரண்டு பழைய மடிக்கணினிகளை வைப்போம். விண்டோஸ் ஓட முடியாமல் திணறும் பழைய பெட்டியிலும் இலகுவான லினக்ஸ் ஓடும். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் ஊரில் நம் உறவினர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவற்றில் பலவற்றில் வந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்? பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிக்கூடங்களே பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் பாடம் நடத்துகின்றன. தமிழ்நாட்டிலும் விழுப்புரம் க்னூ/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் சொல்லித் தருகிறது. 2012-ல் தொடங்கிய "கணியம்" மின்னிதழ் இந்த விஷயங்களைத் தமிழிலேயே எழுதிவருகிறது. விழுப்புரத்துக் கிராமத்தில் முடிவது பம்பாயில் ஏன் முடியாது?

நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு திட்டத்தை முன்வைக்கிறேன். முதல் ஞாயிறு, எல்லோரும் போனில் காமன் வாய்ஸுக்குத் தமிழ் வாசிப்பது. இரண்டாம் ஞாயிறு, லிப்ரே ஆபீஸில் தமிழில் ஒரு விண்ணப்பம் தயாரித்து, கண்ட பழுதுகளைக் குறித்து, ஆங்கிலம் தெரிந்த ஒருவர் உதவியோடு அறிக்கையாக எழுதுவது. மூன்றாம் ஞாயிறு, ஆளுக்குப் பத்து வாக்கியம் மொழிபெயர்ப்பது. நான்காம் ஞாயிறு, ஆர்வமுள்ள பிள்ளைகள் மூவர் மூவராகச் சேர்ந்து கிட் பழகி, முதல் திருத்தச் சீட்டை அனுப்புவது. நம் பகுதியிலிருந்து ஐ.டி. கம்பெனிகளுக்குப் போயிருக்கும் தம்பி தங்கைகளே, மாதத்தில் ஒரு ஞாயிறு உங்களிடம் கேட்கிறோம். நீங்கள் தினமும் பயன்படுத்தும் கருவிகள் யாரோ முகமறியாத ஒருவர் ஊருக்குக் கொடுத்தவை. அந்தக் கடனை இங்கே அடைக்கலாம்.

தோழர்களே! பம்பாய்க்கு வந்த நம் முன்னோர் தோல் பதனிட்டார்கள், மூட்டை சுமந்தார்கள், இட்லிக் கூடை தூக்கினார்கள். அவர்கள் கட்டிய நகரத்தில் அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நம் பிள்ளைகள் கட்டப்போவதில் அவர்கள் பெயர் வரிக்கு வரி இருக்கட்டும். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவர இருக்கிறேன். வீட்டில் சும்மா கிடக்கும் மடிக்கணினி உள்ளவர்கள் அதைக் கையோடு எடுத்து வாருங்கள்.